ஆறாவது பாய்

எண்பத்தேழில் வாங்கிய ஏழாம் எண் இரும்புக்குப்
பிடியை மட்டும் ஐந்து முறை மாற்றியிருக்கிறேன்.
என்னை மாற்ற யாரையும் விட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி.
தனி வகுப்பின் கட்டணத்தில் கால் பங்கு,
அதற்காகத்தான் போகிறேன் என்று யில்வாவிடம் சொன்னேன்.
அது பொய்.
மார்ச் மாதத்திலிருந்து என் பந்து
என்னைக் கேட்காமலே வலப்பக்கம் போகிறது.

வேலிக்கு அப்பால் ஸ்கோனே வயல்கள்,
கண் கூசும் மஞ்சள்.
கடலிலிருந்து காற்று, கையுறைக்குள்ளும் ஈரம்.
பிளாஸ்டிக் புல்லில் வரிசையாய் ஆறு பாய்கள்.

முதல் பாயில் தொர்க்கெல், பேருந்து ஓட்டுநர்,
கிளப்பை ஸ்டியரிங்போல் பிடித்திருக்கிறார்.
அடுத்த இரண்டில் பல் மருத்துவத் தம்பதி,
ஒரே கையுறையை முறைவைத்து மாட்டிக்கொள்கிறார்கள்.
பிறகு திண்ட்ரா, பதினாறு வயது, ஒரு காதில் பாட்டு.
பிறகு யெர்க்கெர், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி,
ஒவ்வொரு பந்தையும் சோதனை போட்ட பிறகே அடிப்பவர்.
கடைசிப் பாயில் நான்.
ஹேண்டிகேப் ஏழு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை,
பையில் தொங்கிய போட்டி அட்டைகள் சொல்லிவிட்டன.

பயிற்சியாளன் மால்தெ, என் மகன் வயதுகூட இல்லை.
"கட்டைவிரல் இங்கே" என்று தொடங்கினான்.
கொல்லன் தெருவில் ஊசி விற்கிறான் என்று
கடலைப் பார்த்து நின்றேன்.

அறுபது நிமிடத்தை ஆறால் வகுத்தால் பத்து.
அந்தக் கணக்கு இங்கே செல்லாது.
தொர்க்கெலுக்கே இருபது போயிற்று,
பல் மருத்துவர்களுக்குப் பதினெட்டு.
எனக்குக் கிடைத்தது நான்கு,
அதிலும் ஒன்று
என் இரும்பின் வயதை அவன் வியந்ததில் கழிந்தது.

பிறகு எல்லோரையும்
பாதங்களைச் சேர்த்து நின்று அடிக்கச் சொன்னான்.
சிறு பிள்ளை விளையாட்டு.
அடித்தேன்.
தள்ளாடிப் பாயைவிட்டு வெளியே போனேன்.
தொர்க்கெல் பார்த்தார். சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

காத்திருக்க நிறைய நேரம் இருந்தது.
வேறு வேலையில்லாமல் திண்ட்ராவின் முதுகைப் பார்த்தேன்.
உச்சியில் கிளப் திரும்பும் முன்பே
அவள் வலது தோள் ஓடிவிடுகிறது,
கதவு திறக்கும் முன் நுழையப் பார்ப்பவள்போல.
பந்து வலப்பக்கம்.
மறுபடி தோள். மறுபடி வலப்பக்கம்.
அந்தத் தோள் எனக்குத் தெரிந்த தோள்.

மால்தெ அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:
"இடுப்பு போகட்டும். தோள் காத்திருக்கட்டும்."
தேவையைவிடக் கொஞ்சம் உரக்க.
திரும்பி என்னைப் பார்த்தான். நான் வாளியைப் பார்த்தேன்.

காத்திருக்கச் சொன்னேன் தோளை.
ஒரு பந்து நேராகப் போயிற்று, நூல் பிடித்தாற்போல்.
அடுத்த மூன்றும் பழையபடி.
நான்காவது பாயைத் தாண்டவே இல்லை.
"மூன்று வாரம் இதைவிட மோசமாக இருக்கும்"
என்றான் மால்தெ, ஏதோ நல்ல செய்திபோல.

பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டினார் தொர்க்கெல்.
"எத்தனை நாளாக ஆடுகிறீர்கள்?"
"முப்பத்தாறு வருடம்."
அவர் காபியை ஊதினார்.
"அப்படியா," என்றார். "இன்னுமா?"

வாளியில் ஒரு பந்து மீதம்.
அதுவும் வலப்பக்கம்தான் போயிற்று.
கொஞ்சம் குறைவாக.