ஐகிரவுண்டு, அறை எண் ஒன்பது

மைதீன் பாத்துவுக்குக் கை சும்மா இருந்தால்
பேச்சு வராது.
மறுவாரம் பீடிச் சொளகோடு வரச் சொன்னேன்.
நூறு பீடி சுற்றுவதற்குள்
மகன் ஆற்றுக்குக் குளிக்கப் போன
காலைவரை வந்துவிட்டாள்.

அதையே எபனேசர் சாரிடம் செய்ய முடியுமா?
பூட்டை எத்தனை தரம் இழுத்துப் பார்த்தார் என்று
நோட்டில் கோடு போட்டுக் காட்டுகிறார்.
நேற்று பதினேழு. இன்று பதினான்கு.
மனம்விட்டுச் சொல்லுங்கள் என்றால்
குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

முக்கூடல் பையன் பேசவேயில்லை.
படித்ததையெல்லாம்
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தேன்.
நாலாம் வாரம் கரண்டு போய் ஃபேன் நின்றது.
"வெக்கையா இருக்குல்லா" என்றான்.
"ஆமாடே" என்றேன்.
பிறகு இருவரும் வேர்த்துக்கொண்டு இருந்தோம்,
வெகுநேரம்.

படிவத்தில் 'கையாண்ட முறை' என்றொரு கட்டம்.
கரண்டு போனது என்று எழுதலாமா?
வெளியே யாரோ
செருப்பைக் கழற்றும் சத்தம்.