பிணம் மூச்சு விட்டது

ஒரு தலை பின்ன ஆறு மணி நேரம்.
அதற்குள் இரண்டு பேய்ப்படமும் ஒரு குடும்பப்படமும்
பார்த்து முடித்துவிடலாம்,
ஜெனரேட்டரில் பெட்ரோல் இருந்தால்.

வார்ரியில் என் கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும்:
ருகேவ்வேயின் கையும் நிற்காது, வாயும் நிற்காது.

பேய்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.
முகத்தில் பவுடர் அப்பினால் போதுமா?
காதில் பூச மறந்துவிட்டார்கள்.
செத்துத் திரும்பி வந்தவளுக்குக்
காது மட்டும் உயிரோடிருக்கிறது.
நேற்று வந்த பேய்
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தது.
அதை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.
எஃபுருன் சாலையில் லாரி ஓட்டுகிறவர்களை
எனக்கும் தெரியும்.

ரத்தம் என்று ஊற்றியது செம்பருத்திச் சாறு.
குத்துப்பட்டவன் மார்பில் எறும்பு ஏறுகிறது.
சர்க்கரையைக் குறைத்திருக்கலாம்.

குடும்பப்படத்துக்கு வருவோம்.
தங்கக் கால் வைத்த அந்த சோபா.
அதே சோபாவில் மூன்று படங்களில் மூன்று கணவர்கள்
மூன்று மனைவிகளை ஏமாற்றிவிட்டார்கள்.
நான் சோபாவின் கட்சி.
மாமியார் சூப் கிண்ணத்தைத் தூக்குமுன்பே
இசை வந்து விஷம், விஷம் என்று அலறுகிறது.
கடையில் எல்லோருக்கும் கேட்கிறது,
மருமகளுக்குத்தான் கேட்பதில்லை.
அழுகை வராத நடிகை
சாவியைத் தொலைத்தவள் மாதிரி
கைக்குட்டைக்குள் தேடுகிறாள்.

ஆனால் ஒன்று.
ஏதோ ஒரு படம், பெயர் மறந்துவிட்டது.
புருஷன் செத்த சேதியைச் சொல்ல வாயெடுக்கிறாள்,
பக்கத்து வீட்டுச் சேவல் கூவுகிறது.
நிறுத்தவில்லை, திரும்பவும் எடுக்கவில்லை.
சேவல் முடிக்கும்வரை
அவள் காத்து நின்றாள்.
பிறகு சொன்னாள்.
அந்த இரண்டு நொடி
அவள் நிஜமாகவே விதவை.

போன சனிக்கிழமை அசாபாவிலிருந்து இசியோமா வந்தாள்.
பாதித் தலைக்குச் சவுரி வைத்தாயிற்று.
திரையில் ஒரு பெண்பிணம்,
அதன்மேல் விழுந்து தாய் கதறுகிறாள்.
பாருங்கள், பாருங்கள், பிணம் மூச்சு விடுகிறது,
வயிறு ஏறி இறங்குகிறது,
கொஞ்சம் அடக்கச் சொல்லக் கூடாதா
என்று நான் கத்தினேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
என் கைக்குள்ளிருந்த தலை சிரிக்கவில்லை.

“அது நான்” என்றது.

பாலைவனத் தூசு வீசும் மாதமாம்.
ராத்திரி பத்திலிருந்து விடியற்காலை நாலு வரை
வெறும் சிமெண்டுத் தரையில்.
“மூக்கில் பஞ்சு வைத்தார்கள்,
வாயை மூடு என்றார்கள்.
மூச்சை எங்கே வைத்துக்கொள்ள?”
பஸ் காசும் ஒரு தட்டு ஜோலோஃப் சோறும் கூலி.
இறைச்சியை லைட் பிடிக்கிற பையன் எடுத்துக்கொண்டான்.
படம் வந்த அன்று தெருவே கூடிப் பார்த்தது.
அவள் அம்மா மட்டும் வெளியே போய் நின்றாளாம்,
செத்த மகளைப் பார்க்க மாட்டேன் என்று.

நான் என் பேச்சை மாற்றவில்லை.
மூச்சு தெரிகிறது, தெரிகிறதுதான் என்றேன்.
“தெரிகிறது” என்றாள் அவளும்.
திரும்ப ஓட்டிப் பார்த்தோம்.
இன்னொரு முறையும்.

மூன்றாம் முறைதான் கண்ணில் பட்டது.
கதறுகிற தாயின் இடுப்புத்துணி அவிழ்ந்து நழுவுகிறது.
பிணத்தின் இடது கை
தரையோடு தரையாக நகர்ந்து போய்
அந்தத் துணியின் நுனியைப் பிடித்துக்கொள்கிறது.
காட்சி முடியும்வரை விடவில்லை.

“பெரிய மனுஷி. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
வேறு யார் பிடிப்பார்கள்?”

அத்தோடு ஜெனரேட்டர் நின்றுபோனது.
மீதித் தலையை
ஃபோன் வெளிச்சத்தில் பின்னினேன்.
வெகுநேரம் யாரும் பேசவில்லை,
நான்கூட.

படம் மோசம்தான்.
பத்துக்கு இரண்டு என்றிருந்தேன்.
மூன்று போடுகிறேன்.