மீதி ஒன்று

ஜனவரி இருபத்தெட்டு. மாலை ஐந்தே கால்.
மூணாறு தலைப்பில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாய் இறங்குகின்றன.
நீடாமங்கலம் உட்கோட்ட அலுவலகத்தில்
நான் கூட்டிக்கொண்டிருக்கிறேன்:
ஜூன் பன்னிரண்டு முதல் இன்றுவரை
நாளுக்கொரு வரி, இருநூற்று முப்பத்தொரு வரி,
வெண்ணாறு கொண்டுவந்த கனஅடிகள்.

5,10,510.

மொத்தத்தை யாரும் கேட்கவில்லை.
மேலே சராசரி போதும்.
வகுத்தேன். 2,210.
தசமப்புள்ளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சந்தேகம் அங்கேதான் வந்தது.
இரண்டால் போயிற்று. மூன்றால் போயிற்று. ஐந்தால்.
ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு.
முதல் ஏழு பகா எண்களும்
ஆளுக்கு ஒரே ஒரு முறை
மடை திறந்து இறங்கிப் போக
கடைசியில் ஒன்று மட்டும் கிடந்தது,
நீர் வடிந்த வாய்க்காலில் ஒற்றைச் செருப்பு மாதிரி.
இந்த ஏழு பேரையும் ஏற்றிக்கொள்ளும் எண்களில்
இதைவிடச் சின்னது கிடையாது.
நூற்று இருபத்தெட்டு வகுத்திகள்.
வெண்ணாறுகூட இவ்வளவு சண்டையில்லாமல் பிரிந்ததில்லை.

இன்னொன்றும் கண்டேன்.
714-ஐ 715-ஆல் பெருக்கினாலும் இதே எண்.
அடுத்தடுத்த சர்வே நம்பர், நடுவில் ஒரு வரப்பு.
இந்தப் பக்கம் இரண்டு, மூன்று, ஏழு, பதினேழு.
அந்தப் பக்கம் ஐந்து, பதினொன்று, பதின்மூன்று.
தினம் முகத்தில் முகம் விழிக்கிறவர்கள்,
பொதுவில் ஒரு காரணி கிடையாது.

டீ ஆறிவிட்டது.

லஸ்கர் வைரக்கண்ணு வந்தார், கையெல்லாம் கிரீஸ்.
பதிவேட்டில் நவம்பர் பதினேழைத் தொடாமல் காட்டினார்,
மழை விழுந்து மை கலைந்த வரி.
"இது சைபர் இல்ல மேடம். ஒண்ணு.
மூவாயிரத்து நானூத்தி ஒண்ணு.
நா எழுதுனது எனக்குத் தெரியாதா?"

5,10,511.

இரண்டால் வகுத்தால் மீதி ஒன்று.
மூன்றால், மீதி ஒன்று.
போன ஏழு பேரும் திரும்பி வந்து
ஆளுக்கொரு ஒன்றை என் மேசையில் வைத்தார்கள்.
சரி, இது எதற்கும் பிடிகொடுக்காது,
இதுவும் ஓர் அழகுதான் என்று
மனசைத் தேற்றிக்கொண்டபோது
பத்தொன்பதில் உடைந்தது.
19. 97. 277.
மூன்று, ஒன்றுக்கொன்று ஒட்டாத அளவுகளில்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.

"ஒரு கனஅடி வித்தியாசம் அளவுகோல்ல தெரியுமா?"
"அது எங்க தெரியும்? கோலப் பாத்து
அட்டவணையிலேருந்து எடுத்து எழுதுறதுதான்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
ஒரு கனஅடி ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால்
ஆறு மா நிலத்தில்
கெண்டைக்கால் மூழ்க நிற்கும்.
கடைமடையில் எவனோ அன்று
மண்வெட்டியோடு காத்திருந்திருப்பான்,
வந்ததோ வரவில்லையோ.

படிவத்தில் தசம இடம் இரண்டுதான்.
2,210.00 என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
இரண்டு மொத்தத்துக்கும் அதே விடை.

"கோரையாத்துல மூணாவது ஷட்டர்
சரியா உக்கார மாட்டேங்குது மேடம்,
அடியில லேசா கசியுது" என்றார்.
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.