இரண்டாவது பேட்டரி

கொளத்தூரிலிருந்து வந்திருந்தது பிக்கப்.
பின்னால் எட்டு நீலப் பீப்பாய், தண்ணீர் இல்லாமல்.
"போன மாசம் நாலாயிரம் குஞ்சு" என்றாள் அமலோற்பவம்.
மீதியைச் சொல்லவில்லை.
பானெட்டைத் தூக்கினேன், ஒயர் சொன்னது.

யாரோ சிகரெட் லைட்டர் பாயிண்டில் கொக்கி போட்டு
எட்டு காற்று மோட்டாருக்கும் ஒரே இழுவை.
ஸ்பீக்கருக்குப் போடுகிற ஒயர்.
நடுநடுவே கறுப்பு டேப், வெயிலில் பிசுபிசுத்து,
ஒரு முழம் கருகி.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி லாரி கவிழ்ந்து
நாலு மணி நேரம் ரோடு அடைப்பு.
டீசல் மிச்சமென்று எஞ்சினை அணைத்திருக்கிறாள்.
மோட்டார்கள் பேட்டரியைக் குடித்து முடித்தபோது
வழி திறந்தது.
சாவிக்கு ஒரு 'டிக்'.
வண்டியைத் தள்ள ஆள் கிடைத்தது.

புதுப்பேட்டையில் என் கடைக்கு
பாதிதான் கூரை, மீதி தார்ப்பாய்.
தார்ப்பாய்க்கடியில் அவள் வண்டி.
"ரெண்டு பேட்டரி வைக்கணும்மா.
ஒண்ணு வண்டிக்கு, ஒண்ணு மீனுக்கு.
நடுவுல ஒரு ரிலே.
ஓடும்போது ரெண்டும் சேர்ந்து சார்ஜ் ஏறும்,
அணைச்சா பிரிஞ்சிடும்.
ஹவுஸ் ஓனரும் குடித்தனக்காரரும் மாதிரி, தனித்தனி மீட்டர்."
"எங்க ஓனர் யூனிட்டுக்குப் பன்னெண்டு ரூபா வாங்கறாரு"
என்றாள், சிரிக்காமல்.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி
நாற்பது ஆம்பியர் ஃபியூஸ்.
தள்ளிப் போட்டால் அந்தச் சாணுக்கு அப்பால்
தீ எங்கே வேண்டுமானாலும் உட்காரும்.
கேபினுக்குள் நுழையும் துளையில் ரப்பர் வளையம்,
தகரத்தின் விளிம்பு ஆறு மாதத்தில் ஒயரை அறுக்கும்
என்பது என் பத்தொன்பது வருட அனுபவம்,
ஒரு தடவை எரிந்த ஆட்டோவின் அனுபவமும்.

பிறகு எர்த்.
போவதற்குத்தான் ஒயர் வேண்டும்,
திரும்பி வர வண்டியின் உடம்பே போதும்.
ஆனால் பெயிண்ட் விடாது.
சேஸிஸில் ஒரு ரூபாய் அகலம்
உப்புத்தாளால் தேய்த்தேன்,
வெள்ளை வெளேரென்று இரும்பு தெரியும் வரை.
புது வண்டியைச் சுரண்டுவதை
அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

கணக்கைச் சோப்பு டப்பா அட்டையில் எழுதினேன்.
மோட்டார் ஒன்றுக்கு முக்கால் ஆம்பியர்,
எட்டுக்கு ஆறு.
எண்பது ஆம்பியர் பேட்டரி,
பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது.
ஆறரை மணி நேரம். தாராளம்.

பீப்பாயில் தெருக்குழாய்த் தண்ணீர் பிடித்துச்
சுவிட்சைத் தட்டினேன்.
எஞ்சின் அணைந்திருக்க, எட்டிலும் குமிழி.
ஸ்டீயரிங் பின்னால் உட்கார்ந்திருந்தாள்,
கழுத்தில் வியர்வை,
சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு.

"மீனுக்கு மட்டுந்தான் காத்தா?"

கையிலிருந்த பிளையர் அப்படியே நின்றது.
அட்டையைத் திருப்பி எடுத்தேன்.
எட்டு மோட்டார் எழுதியிருந்தேன்,
பின்கதவு விளக்குகூட எழுதியிருந்தேன்.
பெங்களூர் வரை அந்த இருக்கையில் ஒரு ஆள் இருப்பது
கணக்கில் வரவே இல்லை.

சின்ன விசிறி, ஒன்றரை ஆம்பியர்.
தனி ஃபியூஸ் போட்டேன், ஐந்து.
போனுக்கு ஒரு பாயிண்ட், அவள் கேட்காமலே.
ஆறரை ஐந்தாகக் குறைந்தது.
"அஞ்சு போதும், அதுக்கு மேல ஜாம்னா
நான் இறங்கி நடந்துடுவேன்."
பில்லில் விசிறியின் விலையை மட்டும் போட்டேன்.
அவள் எண்ணிப் பார்த்து
கூலியையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம், இரவு இரண்டேகால்.
போன் அடித்தது, அவள் நம்பர்.
எழுந்து உட்கார்ந்து "என்னாச்சு?" என்றேன்.
பதிலில்லை.
தூரத்தில் லாரி ஹாரன்கள்.
கிட்டே பொளபொளவென்று தண்ணீர்,
அதற்கும் கிட்டே ஒரு விசிறியின் கிறுகிறுப்பு.
"ஜாம்" என்றாள். "ரெண்டு மணி நேரமா.
சும்மா கேளு."

கேட்டேன்.
வைத்த பிறகு தூக்கம் வரவில்லை.
அந்த எர்த் போல்ட்டை
இன்னொரு சுற்று இறுக்கியிருக்கலாம்.