நாற்பத்தொன்று கழித்தல் முப்பத்தெட்டு

சனிக்கிழமை. திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால்
ரோல்ஸ் பொரிக்கும் கடையில்
மின்விசிறிக் காற்று எட்டாத மேசை எங்களுடையது.
நான்கு பிளேன்ரீ, ஒரு சீஆர் கொப்பி,
ஏழு புத்தகங்கள். இரண்டு மட்டும் அசல்,
மற்றவை கம்பஸ் வாசலில் எடுத்த போட்டோக்கொப்பி.

ஏழ்வாசல் உலகத்தை ஐந்து பேர் எழுதுகிறார்கள்.
ஒருவர் கொன்றவரை இன்னொருவர் எழுப்பக் கூடாது,
நதியை இடம் மாற்றக் கூடாது.
எல்லாவற்றுக்கும் மேலே ஒரேயொரு விதி:
திறவோன் ஒருவன் மந்திரத்தால் ஒரு கதவைத் திறந்தால்
உலகத்தில் வேறெங்கோ ஒரு கதவு
தானாக மூடிக்கொள்ளும்.

கொப்பி என் பொறுப்பு.
பகலில் வீடு வீடாய் மீற்றர் வாசித்துக் குறிக்கிற கை.
ஏழு பாகத்திலும் திறந்தவை நாற்பத்தொன்று.
மூடியவை முப்பத்தெட்டு.
மூன்று கதவு கணக்கில் இல்லை.

அங்கேதான் சண்டை.

"ஐஞ்சாம் ஆள் கள்ளன்," என்றான் கபிலாஷ்,
"மற்றவையின்ரய வாசிக்காமல் எழுதுறான். ஆறாம் பாகத்தில
ஒரே ராவில சிறையை உடைக்கிறான், மூண்டு கதவு,
எங்கையும் ஒரு சன்னல்கூட அடிபடேல்லை."
மேசையில் குத்தியதில் சம்பல் தெறித்து
என் முப்பத்தெட்டின் எட்டு சிவந்தது.

வினுஜாவுக்கு மருந்தகத்தில் வேலை, அளவில் பிடிவாதம்.
"மூடினதை ஆர் கண்டது? ஆளில்லாத தீவில
ஒரு கோழிக்கூட்டுக் கதவு மூடினால்
அதையும் எழுத வேணுமோ?"
"கோழிக்கூடு கணக்கில்லை."
"ஏன் இல்லை? கோழியைக் கேட்டனியோ?"
பக்கத்து மேசைக்காரர் மிச்சத்தைப் பார்சல் கட்டச் சொன்னார்.

அரை மணித்தியாலம் கோழிக்கூடு.
பிறகு பெட்டி மூடி, பிறகு கண்ணிமை,
பிறகு மதகு. மதகை மட்டும் இருவரும் ஏற்றார்கள்.

றொமில்டா அதுவரை பேசவில்லை.
ரோல்ஸின் இரண்டு முனையையும் முதலில் கடித்துவிட்டு
நடுவைக் கடைசிக்கு வைப்பவள்.
கைபேசியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள்:
பற்றைக்குள் ஒரு நிலை. மரநிலை.
சுவர் இல்லை, கூரை இல்லை, கதவு இல்லை.
இந்தப் பக்கம் ஆமணக்கு, அந்தப் பக்கமும் அதே ஆமணக்கு.

"மயிலிட்டி. அப்பா போன கிழமை எடுத்தது.
தொண்ணூறாம் ஆண்டு ஆனியில பூட்டினவை.
திறப்பு இப்பவும் அம்மாவின்ர அலுமாரிக்க கிடக்கு.
சொல்லுங்கோ. விதிப்படி
கதவில்லாத நிலை திறந்ததோ, மூடினதோ?"

ஒருவரும் ஐயோ என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பாள்.
கபிலாஷ் மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பை
எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினான்.
"நிலை நிக்கும் மட்டும் கதவு கதவுதான். இஞ்ச கிடக்கு,
நூற்றிப் பதினாலாம் பக்கம்."
"அப்ப மூடினது மூடினபடியோ?"
"பூட்டினவையெல்லோ," என்றாள் வினுஜா,
"கையால மூடினது மந்திரமில்லை. கணக்கில வராது."
"கையாலதான் மூடினவை," றொமில்டா சொன்னாள்,
"தாங்களா மூடேல்லை."

வினுஜா அதைக் கொஞ்ச நேரம் நிறுத்துப் பார்த்தாள்.
"அப்ப வரும்," என்றாள்.

"வந்தால், எங்கையோ ஒண்டு திறந்திருக்க வேணும்."
"அதைத்தான் கேக்கிறன். எது?"
"ரொறன்ரோவில..." என்று தொடங்கிய கபிலாஷ்
புத்தகத்தை மூடினான்.

ஒன்பதுக்குக் கடைக்காரர் ஷட்டரைப் பாதிக்கு இழுத்தார்.
குனிந்து வெளியே வந்தோம்.
பெற்றோல் முடிந்த ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டே வினுஜா
"கோழிக்கூடும் கதவுதான்" என்றாள்.
சந்தி வரைக்கும் அதுதான்.

வீட்டில் கொப்பியை விரித்தேன்.
முப்பத்தொன்பது என்று திருத்தவில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு நிலை:
இரண்டு நெட்டுக் கோடு, ஒரு கிடை.

எட்டாம் பாகம் ஆவணியில் வருகிறது.
ஐந்தாம் ஆள்தான் எழுதுகிறானாம்.