மூன்றாவது ஜன்னல்

பதினோரு வருடமாக
வில்னியஸிலிருந்து டிராகாய்க்குப் பேருந்து ஓட்டுகிறேன்.
கோட்டையை எனக்குத் தெரியும்:
பின்னால் பார்க்கும் கண்ணாடியில்
உள்ளங்கையகலம்,
சிவப்பு,
இடவலம் மாறி.

இன்று ஃபேன் பெல்ட் அறுந்துபோனது.
மார்ச் மாதம். ஏரி பாதி உறைந்து
மீதிப் பாதி யோசித்துக்கொண்டிருந்தது.
பயணிகள் மரப்பாலத்தில் போய்விட்டார்கள்.
"ஒரு மணி நேரத்தில் வருகிறேன்" என்றான் எய்மன்டாஸ்.
அவனுடைய மணி நேரம் எவ்வளவு நீளம் என்று
டிப்போவில் எல்லோருக்கும் தெரியும்.

குளிர் காதைக் கடிக்க
கராயிம் தெருவில் நடந்தேன்.
மஞ்சள் பலகை வீடுகள்,
வீட்டுக்கு வீடு தெருவைப் பார்த்து மூன்று ஜன்னல்.
வழிகாட்டிகள் மைக்கில் சொல்லி
மனப்பாடமே ஆகிவிட்டது:
ஒன்று கடவுளுக்கு, ஒன்று கோமகனுக்கு.
மூன்றாவது யாருக்கு என்பதில் மட்டும்
ஆளுக்கொரு கதை.

உள்ளே தமாரா
தொலைபேசியில் யாரையோ வறுத்துக்கொண்டிருந்தாள்.
லிதுவேனியம் இல்லை, ருஷ்யனும் இல்லை.
கிரிமியாவிலிருந்து அறுநூறு வருடம் முன்பு வந்த மொழி
கேஸ் பில்லுக்காகக் கத்திக்கொண்டிருந்தது.

"ஆட்டிறைச்சிதான் மிச்சம்" என்று
இரண்டு கிபினாய் வைத்தாள்.
அரைநிலா வடிவம்,
ஓரத்தில் கயிறு முறுக்கினாற்போல் மடிப்பு.
நான் கத்தியை எடுத்ததும்
வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.
"வெட்டினால் சாறு தட்டுக்குத்தான். உனக்கில்லை."

கடித்தேன்.
கொழுப்பும் வெங்காயமும் மிளகுமாக
மணிக்கட்டு வழியே
சீருடைக்குள் இறங்கியது சூடு.

"கோட்டைக்குள் போனதே இல்லை" என்றேன்,
ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.
"அதன் மேல்பாதி என் மாமனார் காலத்தில் எழுப்பியது.
அதற்குமுன் வெறும் இடிபாடு, காக்காய்க் கூட்டம்.
அப்போதும் நாங்கள் இதைத்தான் தின்றோம்."
அடுப்பைத் திறந்து தட்டைத் திருப்பி வைத்தாள்.

"அந்த மூன்றாவது ஜன்னல் யாருக்கு?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"தக்காளி நாற்றுக்கு."

ஆமாம்.
தயிர் டப்பாக்களில் ஒன்பது நாற்று,
ஒன்று மட்டும் தலை சாய்ந்து.
அவற்றுக்குப் பின்னால்
எண்ணெய்க் கையால் கண்ணாடியைத் தட்டியபடி
எய்மன்டாஸ்,
இன்று பார்த்து
சொன்ன நேரத்துக்கே.

இரண்டாவதை அவனுக்குக் கொடுத்தேன்.
மனமே இல்லாமல்தான்.

மாலை திரும்பும்போது
கண்ணாடியில் கோட்டை வழக்கம்போல
உள்ளங்கையகலம் ஆனது.
முன்சீட்டுப் பையன்
ஏதோ வாசனை வருகிறதே என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வளைவுகளில்
ஸ்டியரிங் கொஞ்சம் வழுக்கியது.