முதலைப் பணிஸின் தோற்றமும் வளர்ச்சியும்

பின்னேரம் நாலரைக்குத்
திமிலைதீவுக்குள் வரும் பாண் ஓட்டோ.
எந்த நாட்டு மெட்டோ அது,
எங்கள் ஒழுங்கை நாய்களுக்கு மனப்பாடம்.
ஒரு நாய் கொஞ்சம் முந்திக்கொண்டே தொடங்கும்.

அன்றைக்கு வாங்கியது கிம்புலா பணிஸ்.
கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை.
சீனி தடவின முதலை.
வாலில் தொடங்குவதா தலையில் தொடங்குவதா என்று
வீட்டில் இரண்டு கட்சி.
எது வால், எது தலை என்று கேட்டு
மகள் தனியாகப் பிரிந்து போனாள்.

இரவு கரண்ட் இல்லை.
போனில் ஒன்பது வீதம் சார்ஜ்.
அதை நல்ல காரியம் எதற்கும் செலவழிக்காமல்
குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டேன்:
"கிம்புலா பணிஸ் பிறந்தது மட்டக்களப்பு வாவிக்கரையில்.
ஆதாரம்: வாவியில் முதலை இருக்கிறது."

சிரிக்கிற முகம் ஒன்று போட மறந்துவிட்டேன்.
உலக வரலாற்றில் பாதி
அப்படி மறந்து போனதுதானோ என்று
இப்போது யோசிக்கிறேன்.

மறுகா என்ன,
கூட்டுறவுக் கடைக் கிருபைராசா
கும்பிட்ட கை மூன்று போட்டார்.
யாரோ அதை வேலைத்தலக் குழுவுக்கும் கடத்த,
காத்தான்குடி ஜவாஹிர்
மூன்றரை நிமிடம் குரலில் பேசினார்:
முதலையை முதலில் கண்டது தங்கள் கரையில்,
ஆகவே பணிசும் அந்தக் கரைக்கே.
புளியந்தீவு ஒஸ்மண்ட், பறங்கியர்,
ஒரே வரியில் முடித்தார்:
"பாண் எங்கட சொல். மிச்சமெல்லாம் அதுக்கு வட்டி."
யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்த பவளராணி
"எங்கட பக்கத்தில எண்டால்..." என்று தொடங்கினாள்.
அந்த நிமிடமே எல்லோரும் ஒற்றுமையானார்கள்.

வியாழக்கிழமை
சுவிஸ் மச்சினன் அனுப்பினான் ஒன்று.
மேலே: பலமுறை அனுப்பப்பட்டது.
என் பொய்தான். ஆனால் ஆள் வளர்ந்து
மீசை வைத்து, வேட்டி கட்டியிருந்தது.
அதில் ஒரு போர்த்துக்கேயச் சிப்பாய்,
காய்ச்சலில் கிடந்த அவனுக்கு
மா குழைத்துச் சுட்டுக் கொடுத்த வாவிக்கரைப் பெண்.
அவளுக்குப் பெயர்கூட இருந்தது, சின்னாத்தை.
அவன் கப்பலேறிப் போனான்.
அவள் முதலை வடிவத்தில் சுட்டுக்கொண்டே இருந்தாள்.
(ஏன் முதலை? அது சொல்லப்படவில்லை.)
கடைசி வரி: தமிழனாக இருந்தால் பகிரவும்.

சின்னாத்தைக்காக எனக்கு
ஒள்ளுப்பம் கண் கலங்கியது.
"இது தெரியுமா மச்சான்?" என்று கேட்டிருந்தான்.
தெரியாது என்று எழுதினேன்.
உண்மையாகவே தெரியாது.

சீனி, பெயரிலேயே சீனாக்காரன்.
பாண் கப்பலில் வந்தது.
பணிஸ் வெள்ளைக்காரனின் பன்மை,
பிடுங்கி ஒருமையாக்கி வைத்திருக்கிறோம்,
ஒரு பணிஸ், ரெண்டு பணிஸ்.
முதலை, பக்கத்து மொழி.
நமக்கென்று மிஞ்சுவது பசி மட்டும்தான்.
அதுவும் நாலரைக்குத்தான் வரும்.

வந்தது. ஓட்டோவை நிற்பாட்டி
நிஷாந்தன் தாளில் சுற்றித் தந்தான்.
"தொண்ணூறு."
"நேற்று எண்பதுதானே தம்பி?"
"இதுக்கு வரலாறு இருக்காம் சேர், தெரியாதா?"
போனை நீட்டினான்.
சின்னாத்தைக்குப் படமும் வந்துவிட்டது.
நல்ல வடிவான பெண்,
மா குழைக்கிற கையில் ஆறு விரல்.

பத்து ரூபாயைக் கூடக் கொடுத்தேன்.
என் பொய்க்கு நானே கட்டிய வரி.
"ஆறு விரல் எண்டால்
குழைக்க வசதிதானே சேர்" என்றான்.

இன்று காலை
வலையிறவுப் பாலத்தடியில்
உண்மையான முதலை ஒன்று
வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்தது.
யாரோ எடுத்துப் போட்ட படம்.
கீழே முதலாவது கேள்வி:
"சீனி போடேல்லையா?"

கேட்டது நான் இல்லை.